வலைச் சேவையகக் கோரிக்கைப் பதிவேடு

வலைச் சேவையகம் ஒன்றை நாடி வரும் ஒவ்வொரு கோரிக்கையும் எங்கிருந்து வந்தது, எப்பொழுது வந்தது, எதை வேண்டி வந்தது, அதற்கு எவ்வகை விடை அளிக்கப்பட்டது என்னும் விவரங்களை ஒரே வரியில் அடக்கி, அவ்வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பின் இறுதியில் சேர்த்துக்கொண்டே போகும் ஏற்பாடு கோரிக்கைப் பதிவேடு எனப்படும். தொழில் செய்வோர் இதனை ஆக்ஸஸ் லாக் என்றும், சுருக்கமாக லாக் என்றும் வழங்குவர். சேவையகத்தினுள் நேரும் கோளாறுகளைக் குறிக்கும் எரர் லாக் என்னும் பிழைப் பதிவேடு இதனின் வேறானது. அதன் வரிகளுக்கு நிலையான அமைப்பு இல்லாமையால் அது இங்கு விரித்துரைக்கப்படவில்லை.

இப்பதிவேட்டின் பிரதான இயல்பு, அது கோரிக்கை வந்தவுடன் எழுதப்படுவதன்று என்பதாகும். நம் அரசாங்க அலுவலகங்களில் தபால் வந்து சேர்ந்தவுடன் அதற்கு எண் இட்டுப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே உரிய மேசைக்கு அனுப்புவர். சேவையகமோ விடையை அனுப்பி முடித்த பின்னரே பதிவேட்டில் கை வைக்கிறது. விடையின் நிலை எண்ணும் அளவும் அவ்வரியில் இடம்பெற வேண்டியிருப்பதால் இவ்வாறன்றி வேறு வழியில்லை. ஆதலால், பெரிய கோப்பு ஒன்றைக் காலை பத்து மணிக்குக் கேட்டு, மந்தமான இணைப்பின் வழியே பத்தேகாலுக்குப் பெற்று முடித்தவருடைய வரி, இடைப்பட்ட கால்மணி நேரத்தில் வந்து போன அனைவருடைய வரிகளுக்கும் கீழே காணப்படும். அப்பாச்சி என்னும் சேவையகத்தில் அவ்வரியில் பொறிக்கப்படும் நேரம் கோரிக்கை வந்த பத்து மணியே; என்ஜின்எக்ஸ் என்னும் சேவையகமோ வரி எழுதப்படும் கணத்தைக் குறிப்பதாகையால் அதே நிகழ்ச்சி அங்கே பத்தேகால் என்று பதிவாகும். இரண்டின் பதிவேடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடப் புகுவோர் இவ்வேற்றுமையை நினைவிற்கொள்வது அவசியம்.

விடை முடிந்த பின்பே எழுதப்படுவதால் மற்றொரு குறையும் நேர்கிறது. ஒரு கோரிக்கை சேவையகத்தின் செயற்கூற்றையே இடைநடுவில் வீழ்த்திவிடுமாயின், எந்தக் கோரிக்கையைப் பற்றி நிர்வாகி அறிய விரும்புவாரோ அதைப் பற்றிய வரி மட்டும் பதிவேட்டில் இராது. இக்குறையை நீக்கும் பொருட்டு அப்பாச்சியில் தடயப் பதிவுக்கென ஒரு தனிக்கூறு சேர்க்கப்பட்டுள்ளது. அது கோரிக்கை வந்ததும் கூட்டல் குறியிட்டு ஒரு வரியும், முடிந்ததும் அதே அடையாளத்துடன் கழித்தல் குறியிட்டு மற்றொரு வரியும் எழுதும். இணையில்லாது தனித்து நிற்கும் கூட்டல் குறி எதுவோ அதுவே குற்றவாளி.

தோற்றம்

கணினிகளின் நடவடிக்கைகளைக் கோப்பில் குறித்து வைக்கும் வழக்கம் வலைக்கு முற்பட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி நிலையத்தில் எரிக் ஆல்மன் என்பார், தாம் இயற்றிய சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலுக்குத் துணையாக 1980களில் அமைத்த சிஸ்லாக் என்னும் ஏற்பாடு, யுனிக்ஸ் கணினிகளில் எங்கும் பரவி, பல நிரல்களின் செய்திகளையும் ஓரிடத்தில் திரட்டும் பொதுச் சாதனமாயிற்று. எனினும் வலைச் சேவையகங்கள் தொடக்கத்திலேயே அதனைச் சாராது தத்தம் கோப்புக்களில் தாமே எழுதிக்கொள்ளும் வழியை மேற்கொண்டன. அஞ்சல் நிரலின் செய்திகளைக் கையாளும் பொருட்டு எழுந்த சாதனம், விநாடிதோறும் வந்து விழும் கோரிக்கைகளுக்கு ஏற்றதன்று என்பது வெளிப்படை.

ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டில் வகுத்த யோசனையின் பயனாக, 1990ஆம் ஆண்டின் இறுதியில் நெக்ஸ்ட் கணினி ஒன்றில் உலகின் முதல் வலைச் சேவையகம் இயங்கத் தொடங்கியது. வலையில் கோரிக்கையும் விடையும் பரிமாறப்படும் எச்.டி.டி.பி. முறையின் அக்கால வடிவில் கோரிக்கை என்பது, வேண்டிய பக்கத்தின் பெயரைச் சொல்லும் ஒற்றை வரியே; விடைக்கு நிலை எண் என்பதே கிடையாது; ஆகவே பிற்காலப் பதிவேட்டின் உறுப்புக்கள் பல அதில் தோன்றியிருக்க இயலாது.

அமெரிக்காவில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த என்.சி.எஸ்.ஏ. என்னும் மீக்கணினி நிலையத்தில் ராப் மக்கூல் 1993ஆம் ஆண்டில் இயற்றிய சேவையகமே பிற்காலத்தார்க்கெல்லாம் முன்மாதிரியாய் விளங்கியது. வெவ்வேறு சேவையகங்கள் வெவ்வேறு விதமாக எழுதிவந்தால் பதிவேட்டைப் படித்துக் கணக்கிடும் நிரல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டியிருக்குமாதலால், செர்ன் சேவையகமும் என்.சி.எஸ்.ஏ. சேவையகமும் ஒரே வரியமைப்பை மேற்கொண்டன. அதுவே பொதுப் பதிவு வடிவம் எனப் பெயர் பெற்றது. மக்கூல் 1994ஆம் ஆண்டில் அந்நிலையத்தை விட்டு நீங்கியபின் அச்சேவையகத்தைத் திருத்துவார் இன்மையால், அதனைப் பயன்படுத்திவந்த நிர்வாகிகள் சிலர் தத்தம் திருத்தங்களை ஒன்றுகூட்டி 1995ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பாச்சி என்னும் பெயரால் வெளியிட்டனர். அதன் முதல் முழுப்பதிப்பு அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் வெளிவந்தது. அப்பாச்சி உலகெங்கும் பரவியபொழுது இவ்வரி வடிவமும் அதனுடன் சென்றது.

வரியின் உறுப்புக்கள்

பொதுப் பதிவு வடிவத்தின் ஒரு வரி எழு வகைச் செய்திகளைக் கொண்டது. உதாரணத்திற்கென அமைத்து, தமிழ் எழுத்திற் பெயர்த்த வரி ஒன்று இது:

192.0.2.44 - - [12/ஜன/2001:10:04:31 +0530] "கெட் /படங்கள்/மலை.ஜிஃப் எச்.டி.டி.பி./1.0" 200 4817

முதற்கண் நிற்பது கோரிக்கை அனுப்பிய கணினியின் முகவரி. இதனை எண்ணாகவும் எழுதலாம், பெயராகவும் எழுதலாம். பெயராக எழுதவேண்டின், ஒவ்வொரு கோரிக்கைக்கும், எண்ணுக்குரிய பெயரைச் சொல்லும் டி.என்.எஸ். சேவையகத்தை அணுகி விசாரிக்க வேண்டும். அதனால் விடை தாமதமாகும். அப்பாச்சி தன் 1.3ஆம் பதிப்புக்கு முன்பு வரை இயல்பாகவே பெயரை விசாரித்து வந்து, அப்பதிப்பு முதல் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. மேலும், சேவையகத்திற்கு முன்னே, கோரிக்கைகளை இடையில் வாங்கி அனுப்பும் ப்ராக்ஸி ஒன்று நிற்குமாயின் இவ்விடத்தில் எழுதப்படுவது அந்த ப்ராக்ஸியின் முகவரியே. உண்மை முகவரியைக் கோரிக்கையின் தலைப்பில் ஏற்றி அனுப்பும் வழக்கம் ஸ்குவிட் என்னும் ப்ராக்ஸியினின்று பரவி, 2014ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 7239 என்னும் ஆவணத்தால் ஒழுங்குபெற்றது. அத்தலைப்பை எவரும் பொய்யாக எழுதி அனுப்பக் கூடுமாதலால், தம் சொந்த ப்ராக்ஸி எழுதியதை மட்டுமே நம்புதல் முறை.

இரண்டாவது உறுப்பின் கதை வேடிக்கையானது. ஓர் இணைப்பை எந்தப் பயனர் தொடங்கினார் என்று அவருடைய கணினியையே வினவி அறியும் ஐடென்ட் என்னும் முறை, 1985ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 931ஆகவும், திருந்திய வடிவில் 1993ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 1413ஆகவும் வெளிவந்தது. பலர் ஒரே யுனிக்ஸ் கணினியைப் பகிர்ந்துகொண்ட பல்கலைக்கழகங்களில் அதற்குப் பொருள் இருந்தது. வீட்டுக்கு வீடு கணினி வந்தபின், தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சியத்தை ஏற்பார் எவர்? அப்பாச்சியின் கையேடே இதனை நம்பத்தகாதது என்று கூறுகிறது. ஆயினும் வரியமைப்பை மாற்றினால் பழைய கணக்கு நிரல்கள் பழுதுபடுமாதலால், முகவரியை அடுத்து, விவரம் இல்லை என்பதைக் குறிக்கும் சிறு கோடு இன்றளவும் எழுதப்பட்டு வருகிறது. உலகின் எண்ணற்ற வட்டுக்களில் ஒன்றும் கூறாத இக்கோடு பிடித்துள்ள இடம் சிறிதன்று.

மூன்றாவது, கடவுச்சொல் கேட்கும் பக்கங்களில் புகுந்தவருடைய பெயர். நிலை எண் 401 ஆக இருக்கும் வரிகளில் இப்பெயர் இன்னும் சரிபார்க்கப்படாதது. ஆதலால் அதனை மெய்யென்று கொள்ளலாகாது. நான்காவதாகச் சதுர அடைப்பில் நாளும், நேரமும், கிரீன்விச் நேரத்தினின்று உள்ள வேறுபாடும் வரும். விநாடிக்குக் குறைந்த பின்னம் இங்கு இல்லை. ஐந்தாவது, மேற்கோள் குறிகளுக்குள் நிற்கும் கோரிக்கை வரி: செயற்பெயர், பாதை, எச்.டி.டி.பி.யின் பதிப்பு என்னும் மூன்றும் அதனுள் அடங்கும். கெட் என்னும் செயலில் படிவத்தின் விவரங்கள் பாதையோடு ஒட்டியே வருவதால் அவை பதிவேட்டிலும் ஏறிவிடும். போஸ்ட் என்னும் செயலில் அவை உடற்பகுதியில் வருவதால் ஏறா. கடவுச்சொல்லைக் கெட் முறையில் அனுப்பும் படிவத்தை அமைத்தவர், அச்சொல்லைச் சேவையகத்தின் வட்டில் தெளிவான எழுத்தில் எழுதி வைத்தவராகிறார். ஆறாவது நிலை எண்: 200 என்பது நிறைவு, 304 என்பது முன்பு பெற்ற பிரதியே போதுமென்னும் விடை, 404 என்பது இல்லாமை, 500 முதலியன சேவையகத்தின் பழுது. ஏழாவது விடையின் அளவு பைட்டுகளில். தலைப்புப் பகுதி இதில் சேராது. ஒன்றும் அனுப்பப்படாதபோது சுழியத்திற்குப் பதிலாக இங்கும் ஒரு கோடே இடப்படும்.

உறுப்புக்கள் ஏழேயாயினும், வெற்றிடத்தைக் கண்டு வரியைத் துண்டிக்கும் ஆக் என்னும் யுனிக்ஸ் கருவிக்கு அவை பத்தாகத் தோன்றும். நேரம் இரண்டாகவும் கோரிக்கை மூன்றாகவும் பிரிந்துவிடும். ஆகவே ஒன்றாம் துண்டு முகவரி, ஏழாம் துண்டு பாதை, ஒன்பதாம் துண்டு நிலை எண் என்பது நிர்வாகிகள் நெட்டுருச் செய்துவைத்துள்ள வாய்ப்பாடு. ஒன்றாம் துண்டை மட்டும் எடுத்து, சார்ட், யூனிக் என்னும் கருவிகளால் வரிசைப்படுத்தி எண்ணினால், சேவையகத்தை அதிகமாக அணுகும் முகவரி எது என்பது கண்ணிமைப்பில் தெரியவரும். எந்தக் கருவியாலும் படிக்கத்தக்க எளிய எழுத்துவரியாய் அமைந்ததே இவ்வடிவத்தின் நீடித்த வாழ்வுக்குக் காரணம்.

வகைகள்

என்.சி.எஸ்.ஏ. சேவையகம், கோரிக்கை எப்பக்கத்தில் உள்ள இணைப்பினின்று வந்தது என்பதையும், எவ்வகை உலாவியால் வந்தது என்பதையும் தனித்தனிக் கோப்புக்களில் எழுதிவந்தது. ஒரே கோரிக்கையின் செய்தி மூன்று கோப்புக்களில் சிதறிக் கிடந்தமையால் அவற்றை இணைத்துக் காண்பது அரிதாயிற்று. பொது வடிவத்தின் ஏழு உறுப்புக்களின் பின்னே அவ்விரண்டையும் மேற்கோள் குறிகளுக்குள் சேர்த்தெழுதுவதே கூட்டு வடிவம். அப்பாச்சியிலும், ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட என்ஜின்எக்ஸிலும் இதுவே பெருவழக்கு.

ஃபிலிப் ஹாலம்-பேக்கர், பிரையன் பெலன்டார்ஃப் ஆகிய இருவர் 1996ஆம் ஆண்டு மார்ச்சில் வலையின் நெறிமுறைகளை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பின் வழியே முன்வைத்த விரிந்த வடிவம் மற்றொரு வகை. இதில் எவ்வுறுப்புக்கள் எவ்வரிசையில் வரும் என்பதைக் கோப்பின் தலையிலேயே அறிவித்துவிடுவர். ஆதலால் வேண்டியதைச் சேர்க்கவும் வேண்டாததை விலக்கவும் இடமுண்டு. வரைவு நிலையைக் கடவாதபோதிலும், மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். சேவையகம் இதனையே தன் இயல்பான வடிவமாகக் கொண்டது. இவ்வடிவில் நேரம் கிரீன்விச் கணக்கிலேயே எழுதப்படும். ஆகவே அமைப்பை மாற்றாது விட்டுவைத்த இந்தியச் சேவையகங்களில் அன்றாடக் கோப்பு நள்ளிரவில் மாறாமல் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாறுகிறது.

பேணும் முறை

வளர்ந்துகொண்டே போகும் கோப்பை அவ்வப்பொழுது ஒதுக்கிவைத்துப் புதுக்கோப்பைத் தொடங்குதல் சுழற்சி எனப்படும். லினக்ஸ் கணினிகளில் லாக்ரொட்டேட் என்னும் நிரல் இப்பணியைச் செய்கிறது. யுனிக்ஸில் திறந்துள்ள கோப்பின் பெயரை மாற்றினாலும், சேவையகம் பெயரைக் கருதாது அக்கோப்பையே பற்றிக்கொண்டு அதிலேயே தொடர்ந்து எழுதும். ஆகையால் பெயரை மாற்றியபின், கோப்புக்களை மீளத் திறக்குமாறு சேவையகத்துக்குச் சமிக்ஞை அனுப்பவேண்டும். இதனை அறியாதவர் வட்டு நிரம்பிவிட்டதென்று பதிவேட்டை அழித்துவிட்டு, அழித்த பின்னும் இடம் ஏன் மீளவில்லை என்று திகைப்பது வழக்கம். சேவையகம் அக்கோப்பை விடும் வரை இடம் மீளாது.

எண்ணிக்கையும் அதன் மயக்கமும்

வலை வணிகமயமானபொழுது, பதிவேட்டின் வரிகளை எண்ணி வருகையாளர் தொகை இவ்வளவென்று விளம்பரம் செய்தல் வழக்கமாயிற்று. இருபது படங்களைக் கொண்ட ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தாலே இருபத்தொரு வரிகள் எழுதப்படும். மறுதலையாக, ஒரு பல்கலைக்கழகத்தின் ப்ராக்ஸி ஒருமுறை பெற்ற பக்கத்தை நூறு மாணவர்களுக்குக் கொடுத்தாலும் பதிவேட்டில் ஒரு வரியே இருக்கும். கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் டர்னர் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட அனலாக் என்னும் கணக்கு நிரல், இத்தனை மனிதர் வந்தனர் என்று சொல்ல மறுத்து, இத்தனை கோரிக்கைகள் வந்தன என்று மட்டுமே சொல்லியது. பதிவேடு பதிவது கேள்வியையேயன்றிக் கேட்டவரை அன்றாதலால், அம்மறுப்பு நேர்மையானதே. வெபலைசர், ஏ.டபிள்யு.ஸ்டாட்ஸ் முதலிய பிற்கால நிரல்கள் வருகைகளையும் ஊகித்துக் கூறலாயின. கூகுள் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் வலைக் கணக்கு நிரல்களை ஆக்கிய அர்ச்சின் நிறுவனத்தை வாங்கி, அவ்வாண்டு நவம்பரிலேயே பக்கத்தினுள் சிறு நிரலைப் பதித்து எண்ணும் முறையை இலவசமாக வழங்கியதும், வணிகர்கள் பதிவேட்டைக் கைவிட்டனர். அம்முறை தேடுபொறிகளின் இயந்திர வருகைகளையும், படங்களின் கோரிக்கைகளையும், தோல்வியுற்ற கோரிக்கைகளையும் பெரும்பாலும் காணாது. அவற்றுக்குச் சான்று சேவையகத்தின் பதிவேடு ஒன்றே.

ஆராய்ச்சிக்கு உதவிய பதிவேடுகள்

ஆராய்ச்சியாளருக்கெனப் பொதுவில் வைக்கப்பட்ட பதிவேடுகளுள் புகழ்பெற்றது ஃபுளோரிடாவில் உள்ள நாசாவின் கென்னடி விண்வெளி நிலையத்தினுடையது. 1995ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களுக்குரிய 34,61,612 கோரிக்கைகள் இதில் உள்ளன. ஜூலை முதல் நாள் நள்ளிரவு கழிந்து ஒரு விநாடியில் வந்த முதற்கோரிக்கை அப்பல்லோ பயணங்களின் வரலாற்றுப் பக்கத்தை வேண்டுகிறது. விடை 200, அளவு 6,245 பைட்டு. ஆகஸ்டு முதல் நாள் பிற்பகல் 2 மணி 52 நிமிடத்திலிருந்து மூன்றாம் நாள் விடியற்காலை 4 மணி 36 நிமிடம் வரை ஒரு வரியும் இல்லை: எரின் என்னும் புயல் வந்ததை முன்னிட்டுச் சேவையகம் நிறுத்தப்பட்டிருந்தது. இவ்விடைவெளியின் காரணம் பதிவேட்டில் இல்லை. அதனோடு வைக்கப்பட்ட குறிப்பினாலேயே அறிகிறோம். நின்றுபோன சேவையகத்துக்குத் தான் நின்றதைக் குறித்துவைக்கும் வழியில்லை.

1998ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டித் தளத்தின் பதிவேடு அளவில் மிகப் பெரியது. ஏப்ரல் 30 முதல் ஜூலை 26 வரை, பாரிஸிலும் அமெரிக்காவின் மூன்று இடங்களிலும் இருந்த 33 சேவையகங்கள் 135,28,04,107 கோரிக்கைகளைப் பெற்றன. எழுத்துவரிகளாக வைத்தால் இடம் போதாதென்று ஒவ்வொரு கோரிக்கையையும் 20 பைட்டுக்குள் சுருக்கி, முகவரிகளுக்குப் பதிலாக வெற்றெண்களை இட்டே இது வெளியிடப்பட்டது. ஹியூலெட்-பேக்கர்டு ஆராய்ச்சிக்கூடத்தின் மார்ட்டின் ஆர்லிட், டாய் ஜின் ஆகியோர் இதனை ஆராய்ந்தனர்.

பாதுகாப்பும் சட்டமும்

2001ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் கோட் ரெட் என்னும் புழு பதினான்கு மணி நேரத்திற்குள் ஏறக்குறைய 3,59,000 கணினிகளைப் பற்றியது. அது மைக்ரோசாஃப்டின் சேவையகத்தை மட்டுமே கெடுக்க வல்லதாயினும், எதிர்ப்படும் சேவையகத்தின் குலம் கோத்திரம் விசாரியாது எல்லாவற்றுக்கும் ஒரே கோரிக்கையை அனுப்பியமையால், அப்பாச்சி நிர்வாகிகளின் பதிவேடுகளிலும் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்து நீளத்துக்கு அடுக்கிய வரிகள் 404 என்னும் விடையோடு குவிந்தன.

பதிவேட்டில் எழுதப்படுவதில் பெரும்பகுதி அயலார் அனுப்பிய எழுத்தே என்பதை நிர்வாகிகள் மறந்துவிடுவதுண்டு. திரையில் படிக்கும்பொழுது முனையத்தை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டு எழுத்துக்களையும் ஒருவன் உலாவியின் பெயராக அனுப்பலாம்; அதனால் அப்பாச்சி 2.0.46ஆம் பதிப்பு முதல் அத்தகைய எழுத்துக்களைக் குறியீடாக மாற்றியே எழுதுகிறது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் என்னும் குறைபாடு இவ்வகையின் உச்சம். ஜாவா மொழியில் பதிவு எழுதும் லாக்4ஜே என்னும் நூலகம், தான் எழுதும் சரத்தினுள் ஒரு குறிப்பிட்ட அமைப்பைக் கண்டால் அதனை ஆணையாகக் கொண்டு அயல்கணினியை அணுகி, அங்கிருந்து வந்த நிரலை இயக்கவும் இடங்கொடுத்தது. எனவே உலாவியின் பெயர் என்னும் சாமானிய உறுப்பே சேவையகத்தைக் கைப்பற்றும் வாயிலாயிற்று.

பதிவேட்டில் ஏறும் முகவரி ஒருவரைச் சுட்டும் சொந்த விவரமாகவும் அமையலாம். ஐரோப்பிய நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் பிரயர் வழக்கில், இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் வாயிலாக ஆளை அறியச் சட்டவழி உள்ளபோது மாறும் முகவரியும் அவ்வாறே ஆகும் என்று தீர்த்தது. இதனால் கடைசி எண்ணைச் சுழியமாக்கி எழுதும் வழக்கம் அங்கே பரவியுள்ளது. இந்தியாவில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் பிறப்பித்த கட்டளை, பதிவேடுகளை 180 நாள் நாட்டின் எல்லைக்குள் வைத்திருக்கப் பணிக்கிறது.

தற்காலத்தில் பெரிய நிறுவனங்கள் பதிவேட்டை ஜேசன் வடிவில் எழுதி, எலாஸ்டிக்சர்ச் போன்ற நடுக்களஞ்சியங்களில் திரட்டித் தேடுகின்றன. ஒரே கோரிக்கை பல சேவையகங்களைக் கடந்து செல்லும் பாதையைத் தொடர்ந்து காண்பதற்கான பொதுத் தலைப்பு ஒன்றை டபிள்யு3சி 2020ஆம் ஆண்டில் வகுத்துள்ளது.